அரைப்பேர்

மஸ்கெலியா தாண்டியதுமே மழை பிடித்துக்கொண்டது.
மடியில், பிளாஸ்டிக் உறைக்குள் நாற்பது படிவங்கள்.
படிவத்துக்கு நானூறு ரூபா, வேன் காசு வேறு.
மேலே தடித்த எழுத்தில்: தொழில்சார் நியமங்கள், கவனிப்பாளர் பிரதி.

கவனிப்பாளர் நான்தான்.
மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும்.
பேசக் கூடாது, உதவக் கூடாது,
முகத்தில் எதுவும் தெரியக் கூடாது
என்று கண்டியில் இரண்டு நாள் பயிற்சி தந்தார்கள்.

மேல்கணக்கு டிஸ்பென்சரியில்
பைப்பைத் திருகினால் காற்று வந்தது.
வெளியே மலையே நனைகிறது.

மிட்வைஃப் சந்திரலதா மிஸ்ஸி
கேத்தலை எடுத்து, கட்டிலில் ஏற இருந்த செவனாயியிடம் நீட்டினார்.
"ஊத்துங்க."
எட்டு மாத வயிற்றோடு அவள் சாய்ந்து ஊற்ற
விரலிடுக்கெல்லாம் தேய்த்தார், முழங்கைவரை.
கேள்வி பன்னிரண்டு: ஓடும் நீரில் கை கழுவினாரா?
ஆம். இல்லை.
கேத்தலின் மூக்கிலிருந்து
ஓடியதுதான் தண்ணீர்.

கேள்வி ஏழு, மறைப்பு.
கண்ணாடி போன ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கொழுந்து லொறி,
அதில் ஏறி நிற்கும் இரண்டு பையன்கள்.
மிஸ்ஸி தன் நீலக் குடையை விரித்து
ஜன்னல் கம்பியில் செருகினார்.
குடைக்கு இருபுறமும் வெளிச்சம்.
இல்லை.

"பிள்ளை தலை கீழ போயாச்சு. நல்லம்.
ராவைக்கு வலி வந்தா இருக்க வேணாம், ஓடியாங்க."
"ஓடவா மிஸ்ஸி?" என்றாள் செவனாயி.
சிரித்ததில் அவள் வயிறு குலுங்கி, இறுக்கம் விட்டது.
அப்போதுதான் கை வைத்தார்.
நோயாளி அறிந்த மொழியில் விளக்கினாரா: ஆம்.
தொடுமுன் கேட்டாரா?
கேட்கவில்லை. போட்டேன்.

அடுத்து வந்தவள்
இரும்புச்சத்து மாத்திரையைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் வீசியிருந்தாள்.
வரிசையில் எல்லோரும் கேட்க ஏசினார், அவள் அழும்வரை.
கண்ணியம்: இல்லை.
இதைப் போடும்போது பேனா தயங்கவில்லை.

ஆனால் ஒன்று.
மழை நாளில் அம்மா பதினெட்டுக் கிலோ பறித்து வந்தால்
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று கழித்து
அரைப்பேர் போடுவார்கள்.
மழையை அவளா பெய்யச் சொன்னாள்?
தராசுக்கு அந்தப் பக்கம் நின்றவர் முகத்திலும்
எதுவும் தெரியாது.
அதை எங்கே பயின்றார்கள் என்று யோசித்ததுண்டு.
இந்தப் படிவத்தில் அரைப்பேர்கூடக் கிடையாது.

கடைசிப் பக்கத்தில் பிற குறிப்புகள், மூன்று கோடு.
பைப், கேத்தல், குடை, எல்லாம் எழுதினேன்,
கோடு தீர்ந்து ஓரத்திலும்.
கண்டியில் தரவு அடிக்கும் பையன் சொன்னான்:
"அந்தப் பெட்டிய மென்பொருள் எடுக்காது அக்கா."

புறப்படும்போது மிஸ்ஸி கேட்டார், "எவ்வளவு?"
"சொல்லக் கூடாது."
"இருபத்திமூணு வருசம்," என்றார் அவராகவே.
பிறகு குடையை நீட்டினார்.
எதையும் வாங்கக் கூடாது என்பதும் விதிதான்.
நனைந்துகொண்டே வேனுக்கு நடந்தேன்.

ஐந்து மாதம் கழித்து மீள்கவனிப்பு.
அறிக்கையின் பலனாக ஒன்று வந்திருந்தது:
கை கழுவும் முறை, ஏழு படிகள், மூன்று மொழி,
ஆறடி உயரம், லெமினேட் செய்தது.
மிஸ்ஸி அதை ஜன்னலில் கட்டியிருந்தார்,
நுரை பூசிய கைகள் லொறிப் பக்கம் பார்க்க.
மறைப்பு: ஆம்.
மேல்கணக்கு முன்னேறிவிட்டது.

பைப்பைத் திருகினேன். காற்று.

அன்று முதலில் வந்தவளுக்குக் காய்ச்சல், எழ முடியவில்லை.
சவர்க்காரக் கையோடு மிஸ்ஸி சுற்றிப் பார்த்தார்.
அறையில் மிச்சம் இருந்தது நான்.
படிவத்தை ஸ்டூலில் வைத்தேன்.
நினைத்ததைவிடக் கனம், கேத்தல்.

பன்னிரண்டாம் கேள்வியை நிரப்பவில்லை.
பூர்த்தியாகாத படிவத்துக்குப் பாதிக் காசு என்றார்கள் கண்டியில்.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.