மிலாறு

எட்டடி நீளம், மூன்றடி அகலம்.
லயத்துக்குப் பின்னால், பீலித் தண்ணீர் ஓடும் கானுக்கு மேலே
என் லீக்ஸ் பாத்தி.
ஞாயிறு முழுக்க முள்ளால் கொத்தி,
கல் பொறுக்கி, சாணம் கலந்து,
மாவு சலித்தாற்போல் ஆக்கி வைத்த மண்.
திங்கள் விடியலில், பெரட்டுக்குப் போகுமுன்
டோர்ச் அடித்துப் பார்த்தால்
ஐந்து நாற்று மல்லாந்து கிடக்கிறது.
பக்கத்தில் ஒரு சின்ன மேடு,
ரொம்ப மரியாதையாக மூடி.

தலைவர் வந்து போயிருக்கிறார்.

பன்னிரண்டு காம்பராவிலும் சாப்பிட்டு
ஒரு காம்பராவிலும் எலி பிடிக்காததால்
அந்தச் சாம்பல் கடுவனுக்கு அப்படிப் பெயர் வைத்தவள் ஜெசிந்தா.
சந்தா மட்டும் தவறாமல் போகிறது:
நெத்தலித் தலை, ரொட்டி ஓரம், பால்மா கழுவின தண்ணி.

கோபித்துப் பயனில்லை. யோசித்துப் பார்த்தேன்.
கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை.
வேர் இறுகி, மருந்து குடித்து,
தலைமுறை தலைமுறையாய் மிதிபட்டுக் கல்லாய்ப்போன மண்.
இந்த மலை முழுவதிலும்
ஒரு பூனை நகம் இறங்குகிற மாதிரி இருப்பது
இந்த இருபத்திநாலு சதுர அடிதான்.
நானாயிருந்தாலும் இங்கேதான் வந்திருப்பேன்.

தோடம்பழத் தோல் போட்டேன்.
முகர்ந்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.
நீலம் கரைத்த தண்ணீரைப் போத்தலில் ஊற்றி
நாலு மூலையிலும் வைத்தேன்.
ஏதோ பூசை என்று நினைத்து
செங்கமலத்தின் மகன் பள்ளிக்கூடம் போகும்போது
கும்பிட்டுவிட்டுப் போனான்.
மிளகாய்த்தூள் தூவச் சொன்னாள் ஒருத்தி.
கறிக்கே அளந்து போடுகிற விலை.
அதோடு, கொழுந்தாய்ந்து வெடித்த விரலில்
மிளகாய் பட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.
குடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்துப் பரப்பினேன்.
அதற்கு இன்னும் அதிகமாக வந்தார்.
மெத்தென்று இருந்திருக்கும்.

பத்தாம் நம்பர் மலையில் கவ்வாத்து தொடங்கிய வாரம்
அடுப்புக்கென்று ஒரு கட்டு மிலாறு சுமந்துவந்து
பொத்தென்று போட்டேன். ஒரு குச்சி தெறித்துப்போய்
பாத்தியில் குத்தி நின்றது.
அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சோறு பொங்கப் பிந்தியது.
கூர் மழுக்கி, ஒரு சாண் உயரத்துக்கு,
நாற்றுக்கும் நாற்றுக்கும் நடுவே
நட்டுக்கொண்டே போய் நிமிர்ந்தால்
கவ்வாத்து முடிந்த ஒரு குட்டித் தேயிலை மலை
என் பாத்தியில் நிற்கிறது.
வேறெதுவும் நடத் தெரியாதா உனக்கு என்று
எனக்கே சிரிப்பு.

இரவு தலைவர் வந்தார்.
ஒரு கால் வைத்தார், எடுத்தார். இன்னொரு கால்.
சுற்ற இடமில்லை, குந்த இடமில்லை.
என் ஜன்னலைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்.
எழுதக்கூடியதல்ல.

மறுநாள் ஜெசிந்தாவின் கரட்.
அடுத்த வாரம் அங்கும் மிலாறு.
பிறகு போஞ்சி, கோவா, கடைசிக் காம்பராவின் புதினா என்று
லயம் பூராவும் குச்சி முளைத்து முடிய
மிச்சமிருந்த மெத்தென்ற மண்
பங்களா ரோசாப் பாத்தி ஒன்றுதான்.

சனிக்கிழமை, பங்களாத் தோட்டம் பார்க்கும் இருதயநாதன்
தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தான்.
துரைசாணி அழுகிறாவாம்.
"நீங்கெல்லாம் என்னக்கா செஞ்சீங்க?"

குச்சியெல்லாம் அவன் கண்ணுக்கு முன்னால்தான்.
விறகு காயவைத்திருப்பதாக நினைத்துவிட்டான் போல.

"தூள் போடணும் தம்பி."
"தேயிலைத் தூளா?"
"நமக்குக் குடுக்கிற கழிவுத் தூள் இல்ல.
அத பூனை மதிக்காது.
ஸ்டோர்ல பெட்டி கட்டிக் கப்பலுக்கு அனுப்புறாங்களே, அது.
தாராளமா. விரல்கடை கனத்துக்கு."

தலையாட்டிக்கொண்டு ஏறிப் போனான்.
ஜெசிந்தா துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு
உள்ளே ஓடினாள்.

லீக்ஸ் இப்போது பென்சில் கனம்.
இன்று பொழுதுசாய
தலைவர் நெத்தலித் தலைக்கு வந்தார்,
தின்றார், மடியில் ஏறிச் சுருண்டார்.
முன்னங்காலைத் தூக்கி மோந்து பார்த்தேன்.

முப்பத்தாறு வருஷம் இந்த மலையிலேயே இருக்கிறேன்.
ஒருநாளும் குடித்ததில்லை
இந்த வாசனையை.