ஒருவழியாய்

"ரிட்டன் வேணாம் டீச்சர்" என்றான்
மத்திய வீதியில் டிக்கட் போடும் ஜௌபர்.
கிண்ணியாக்காரன். கணக்கில் என்னைவிடச் சுழியன்.
போக ஒரு கொம்பனி, வர வேறொரு கொம்பனி,
முப்பத்தேழாயிரம் மிச்சம்.
பிறகு ஏதோ வீட்டு விஷயம் போலக்
குரலைத் தாழ்த்தினான்:
"ரிட்டன்ல போற பிளேனைத் தவறவிட்டா
வாற சீட்டையும் அவனே வெட்டிருவான்.
தனித்தனியா எடுத்தா
ஒண்டுக்கு ஒண்டு தெரியா."

அச்சடித்துத் தந்த இரண்டு தாளிலும்
தவபாலன் நளாயினி.
என் பெயருக்கு முன்னால் அவர் பெயர்.
பதினொரு வருடமாய்
அந்த இடத்தை விட்டு அசையவில்லை அது.
அவர் சூரிச் போனபோது ஒரு தாள்தான்.
வருகிற திகதி அதில் இருந்ததா என்று
அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

பெட்டியில் மிளகாய்த்தூள் இரண்டு கிலோ,
பாரைக் கருவாடு மூன்று உறைக்குள்,
யாரோ உடுத்துக் கழித்த குளிர்ச்சட்டை.
எல்லாவற்றுக்கும் அடியில், மஞ்சள் ஃபைலில்,
என் பெயருக்கு அப்பா எழுதிய
உப்புவெளிக் காணியின் உறுதி.
விசா கிடைத்த அன்று அவர் கேட்டார்.
டிக்கட் போட்ட அன்று கேட்டார்.
பஸ் ஏறும்போது
"சாப்பிட்டியோ"வுக்கு முன்னால் கேட்டார்:
"உறுதியை எடுத்திட்டியோ?"

"போயிட்டு வாங்கோ டீச்சர்" என்றது அயல்.
"போயிட்டு வாறன்" என்றேன்.
அந்தச் சொல்லை மட்டும்
ஒருவரும் தனித்தனியாய் விற்பதில்லை.

கந்தளாயில் யாரோ தயிர் வாங்க இறங்கினார்கள்.
நானும் இறங்கினேன்.
குளத்துக் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது,
அவ்வளவுதான் நடந்தது.
வழி காட்டாமல் விடை எழுதும் பிள்ளைக்குப்
பாதிப் புள்ளி வெட்டுகிறவள் நான்.
அன்று எனக்கு
விடை மட்டும்தான் வந்தது.
கொண்டக்டர் பெட்டியை வெளியே இழுத்துப் போட்டு
"அக்கா, எயார்போட் எண்டீங்களே?" என்றான்.
ஒரு சட்டி தயிரை வாங்கிக்கொண்டு
றோட்டைக் கடந்து
எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

வரவில்லை என்று எழுதி அனுப்பினேன்.
அவர் எழுதுகிறார், எழுதுகிறார் என்று
கனநேரம் காட்டியது போன்.
எழுதியதை அழித்திருப்பார். திரும்ப எழுதியிருப்பார்.
கடைசியில் வந்தது:
"அப்ப உறுதி?"
"என்னட்ட இருக்கு."

பதினெட்டாம் நாள் போன் அதிர்ந்தது.
வாற கொம்பனிக்கு ஒன்றுமே தெரியாது,
ஜௌபர் சொன்னது சரி.
நாளை சூரிச்சிலிருந்து புறப்படுகிறீர்கள்,
இருக்கையைத் தெரிவுசெய்யுங்கள் என்றது.
இருபத்தேழு ஏ. யன்னலோரம்.
சாப்பாடு சைவம் என்று குறித்தேன்,
வெள்ளிக்கிழமை அல்லவா.

அங்கே வாசலில் கூப்பிட்டிருப்பார்கள்,
மூன்று தரம், ஒலிபெருக்கியில்,
வாய்க்கு வந்தபடி உடைத்துக் கடித்து:
தவபாலன் நளாயினி, கடைசி அழைப்பு.
எங்கள் இருவரையும் சேர்த்து
ஒரு குரல் கூப்பிட்டு
எத்தனை காலம்!

பிறகு அந்த இரவு முழுக்கக்
காலியான ஒரு யன்னலோரத்தில்
போகாத ஊரிலிருந்து
வந்துகொண்டிருந்தாள் ஒருத்தி.
பெட்டி இல்லை. காட்ட எந்தத் தாளும் இல்லை.
நாலு முப்பத்தைந்துக்குக் கட்டுநாயக்க.
நான் விழித்துத்தான் கிடந்தேன்.
கேற்றடியில் ஒரு புள்ளிமான்
முந்தின நாள் வாழைத்தோலை
அவசரமில்லாமல் தின்று முடித்தது.

மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.
கொழும்பு பஸ்ஸிலிருந்து சனம் இறங்கியது:
பால்மாப் பெட்டியோடு ஒருவர்,
தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டு ஒருத்தி,
சப்பாத்தைக் கையில் வைத்திருந்த ஒரு நேவிக்காரன்.
கடைசி ஆள் இறங்கும்வரை நின்றேன்.
டிரைவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான்
அத்தனை நாள் தலைகாட்டாத மத்திய வீதியால்
வீட்டுக்கு நடந்தேன்.
கடை வாசலில் பிளேன்ரீயோடு நின்ற ஜௌபர்
எட்டிக் கேட்டான்:
"எப்ப டீச்சர் வந்தீங்க?"

"இண்டைக்குத்தான்" என்றேன்.
"ஒருவழியாய்."