சாயும் வாளி

இதை நீயேதான் தைத்துக்கொள்ள வேண்டும்
என்று கையில் கொடுத்துவிட்டுப் போனாள் வால்ட்ராவுட்.
வாசர்பர்க் தன்னார்வத் தீயணைப்புப் படையின் சின்னம்,
உள்ளங்கையில் அடங்கும் துணி:
ரோமானியப் போர்வீரன் ஒருவன்,
சிவப்புப் போர்வை, தலையில் இரும்பு.
காலடியில் தீப்பெட்டி அளவு வீடு,
கூரையில் மஞ்சள் நூல் நெருப்பு.
வாளியைச் சாய்த்தபடி நிற்கிறான்.

ஆறு மாதம் இழுப்பறையில் கிடந்தான்,
பொத்தான்களோடும் பழைய சாவியோடும்.

பெயர் ஃப்ளோரியன்.
சிறைப்பட்டவர்களுக்காகப் பேசப் போனவன்.
கழுத்தில் திரிகைக் கல்லைக் கட்டி
என்ஸ் ஆற்றில் தள்ளினார்களாம்.

எங்கள் பக்கத்துக் கதையில்
கல்லோடு கடலில் எறியப்பட்டவர்
கல்லையே தெப்பமாக்கிக் கரையேறினார்.
இவன் மூழ்கினான்.
சில குமிழிகள், பிறகு வெறும் ஆறு.

எனக்குப் பிடிபடாதது அதுதான்:
தன் மூச்சை நிறுத்திய தண்ணீரையே
மொண்டு வந்து
யார் கூரையிலோ ஊற்றுகிறானே,
கை கூசாதா?

இந்தப் பக்கம் அவனிடம் ஒரு வேண்டுதல் உண்டு,
பாதி கேலி.
பியர் மேசையில் கோர்பினியன் சொல்லிக் காட்டினான்:
என் வீட்டை விட்டுவிடு சாமி,
வேறு எதையாவது கொளுத்திக்கொள்.
சிரித்தோம். நானும்தான்.

ஆகஸ்டில், வைக்கோல் கொட்டகை பற்றிக்கொண்ட இரவு,
குழாயின் வாய் என் கையில்.
காற்று திரும்பியது.
பொறிகள் தெருவைத் தாண்டி
என் சமையலறைச் சன்னல் பக்கம் போயின.
உள்ளே ஆளில்லை, பூனைகூட இல்லை.
வாடகை வீடு. தவணை முடியாத சோஃபா,
அரை மூட்டை அரிசி.
ஆனாலும் வாய் தமிழில் முணுமுணுத்தது:
ஐயோ, என் வீடு வேண்டாம்,
பக்கத்து வீடு...

பக்கத்து வீட்டில்
காது எந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு
ஸாட்லர் தூங்கிக்கொண்டிருந்தார்.

முகக்கவசத்துக்குள் என் சொல்
வெளியே போக வழியில்லாமல்
சூடாக என் உதட்டுக்கே திரும்பியது.

இடப்பக்கம், இடப்பக்கம் என்று
கோர்பினியன் கத்தினான்.
வலப்பக்கம் என் வீடு.
குழாயை இடப்பக்கம் திருப்பினேன்.
மனதாரத் திருப்பினேன் என்று சொல்ல ஆசை.
தண்ணீர் உதைத்த உதையில்
தோள் போன திசை அது.

விடிந்ததும் பார்த்தேன்,
என் சன்னல் சட்டத்தில் விரல் நீளத்துக்குக் கரி.
ஸாட்லர் எந்திரத்தைக் காதில் செருகிக்கொண்டு
ராத்திரி ஏதாவது சத்தமா என்று கேட்டார்.
இல்லை என்று சொல்லிவிட்டேன், ஏனோ.

பிறகுதான் ஊசியில் நூல் கோத்தேன்.

உற்றுப் பார்த்தால்
அவன் வீட்டைப் பார்க்கவேயில்லை.
கண் வேறெங்கோ இருக்கிறது,
ஆற்றுப் பக்கமாகவும் இருக்கலாம்.
வாளி மட்டும்
வீட்டின் மேல் சாய்ந்திருக்கிறது.

கழுத்தில், கல் தொங்கிய இடத்தில்,
ஒரு சாம்பல் நிற இழை துருத்திக்கொண்டிருந்தது.
பிசிறோ, தெரிந்தே விட்டதோ.
கத்தரியை எடுத்தேன்.
மீண்டும் கீழே வைத்தேன்.