ஒன்பதாவது துளை

அளவுநாடாவின் ஒரு நுனி இலாரியேயின் கையில்,
மறுநுனி என்னிடம்.
"இரண்டு மீட்டர் பத்து," என்கிறேன்.
"பனிக்காலத்தில் இன்னும் தடிக்கும்," என்கிறான்
சிரிக்காமல்.

முங்கன்டோர்ஃப்.
திரான்சில்வேனியக் குன்றுகளின் மடிப்பில்
நூற்றுப் பதினோரு வீடும் ஒரு தேவாலயமும்.
கோட்டை கட்டித்தரக் கோமகன் எவனும் இல்லாததால்
பீப்பாய் செய்கிறவனும் தோல் பதனிடுகிறவனும்
கோயிலையே கோட்டையாக்கினார்கள்.

முதலில் வெறும் கோயில்தான்.
உயர்ந்து மெலிந்த சன்னல்கள், ஒற்றை மணிக்கூண்டு.
துருக்கர் குதிரைகள் ஒருமுறை வந்துபோன பின்
சன்னல்களைப் பாதிவரை கல்வைத்து அடைத்தார்கள்.
வெளிச்சம் குறைந்தது. ஜெபம் குறைந்ததாய்க் குறிப்பு இல்லை.
பலிபீடத்தின் மேல், கூரைக்கு அடியில்,
காவலுக்கென்று ஒரு தளம் எழுந்தது:
கீழே அப்பம் பிட்கும் கை,
மேலே சுடுநீர் கவிழ்க்கும் கை.

பிறகு மதில். மதிலுக்கு வெளியே இன்னொரு மதில்.
ஓக் கதவு, அதன்பின் இரும்புப் பல்லோடு இறங்கும் கதவு,
அதற்கும் பின் இருவர் தூக்கும் கணையம்.
ஊரே நொச்சி சூடிக்கொண்டது,
அப்படி ஒரு பூ இருப்பதே தெரியாமல்.

கணக்கேட்டைப் பிரதியெடுத்து வைத்திருக்கிறேன்.
குனேஷ் வீடு: கல் பதினாலு வண்டி.
கைம்பெண் ட்ரெங்: சுண்ணாம்பு ஆறு கூடை, தன் முதுகில்.
டைல் வீடு: தரவில்லை.
டைல் வீடு: தரவில்லை.
டைல் வீடு: இரண்டு வண்டி. ஆற்றுக்கல். உதவாது.

வடக்கே கொழுப்புக் கோபுரம்.
உள்ளே வீட்டுக்கொரு கொக்கி, கொக்கிக்கொரு எண்,
உப்பிட்டுப் புகைபோட்ட பன்றிக்கொழுப்புப் பாளங்கள்.
ஞாயிறு பூசைக்கு முன் கதவு திறக்கும்.
அவரவர் பாளத்தில் அவரவர் அறுத்து
அறுத்த விளிம்பில் முத்திரை குத்திப் போவார்கள்.
அடுத்த வாரம் முத்திரை இல்லையென்றால்
இடையில் ஒரு கத்தி வந்து போயிருக்கிறது.
இன்றும் அந்தச் சுவர் வியர்க்கிறது;
விரலால் தொட்டு மோந்து பார்த்தேன், ஆமாம்.

தென்மேற்குக் கோபுரத்தில்
அம்புத்துளைகள் ஒன்பது.
ஓடைக்கு இரண்டு, சாலைக்கு மூன்று,
ஆல்டர் தோப்புக்கு ஒன்று, சரிவுக்கு இரண்டு.
எல்லாமே உள்ளே அகன்று வெளியே ஒடுங்கியவை:
நிற்கிறவனுக்கு இடம், வருகிறவனுக்கு ஒரு கீற்று.
எட்டு.
மறுபடி எண்ணுகிறேன்.
ஒன்பதாவது முற்றத்தைப் பார்த்திருக்கிறது.

கொத்தனின் பிழை என்று எழுதிவிடலாம்.
ஆனால் விளிம்புக் கல்லைச் செதுக்கியதில்
மற்ற எட்டிலும் இல்லாத நிதானம்.
கண்ணை வைத்தேன்.
வேறெதுவும் தெரியவில்லை,
கொழுப்புக் கோபுரத்தின் வாசலைத் தவிர.
நாடா பிடித்தோம்: பதினேழு மீட்டர் நாற்பது.

அன்றிரவு ஏட்டைத் திரும்பப் புரட்டினேன்.
மூன்றாம் முற்றுகை. பத்தொன்பதாம் நாள்.
மெழுகு அரை ராத்தல்.
கிணற்றுக் கயிறு ஒன்று.
உள்முற்றத்தில் அம்பு ஒன்று. மீட்கப்பட்டது.
அவ்வளவுதான், செலவுப் பக்கத்தில்,
அதே சாய்ந்த கையெழுத்தில், அதே மையில்.
வரவுப் பக்கத்தில், ஒரு மாதம் தள்ளி:
டைல் வீடு: கல் இருபது வண்டி.
நல்ல கல்.

காலையில் இலாரியேயிடம் சொன்னேன்.
மதில்களுக்கு நடுவே அவன் ஆடுகள்
மழைநீர் குடித்துக்கொண்டிருந்தன.
சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவந்து
ஒன்பதாவது துளையில் கண் பொருத்தி
நெடுநேரம் நின்றான்.

"ஆகஸ்டில் ஜெர்மனியிலிருந்து
டைல் வீட்டார் வருவார்கள்," என்றான்.
"பேருந்து நிறைய. குழந்தைகளும்.
அந்த வாசலில்தான் வரிசையாய் நின்று
படம் எடுத்துக்கொள்வார்கள்,
நிழல் நன்றாக விழுகிறதென்று."

கண்ணை எடுக்காமலே
சற்று இடப்பக்கம் நகர்ந்தான்.
"இங்கிருந்து பார்த்தால்
ஒரு முகமும் தப்பாது."