விவரத்தில் உள்ளபடியே

ஒரே பொருளுக்கு மூன்று தளங்களில் மூன்று பெயர்.
உள்ளூர்த் தளத்தில் அது பழசு.
ஜெர்மன் தளத்தில் இன்னும் ஓடுகிறது.
ஜப்பான் தளத்தில்
ஒரு கீறல், இடப்பக்கம், நான்கு மில்லிமீட்டர்.
பொய் எதிலும் இல்லை.
கெமியில் காகித ஆலை எங்களை அனுப்பிய குளிர்காலத்தில்
சமையல் மேசைமேல் தபால் தராசை வைத்துக்கொண்டு
நான் கற்றது இதுதான்.

உள்ளூர்க்காரர்கள் ஏலம் கேட்பதில்லை, பேரம் பேசுவார்கள்.
பத்து யூரோ, இதோ வந்து எடுத்துக்கொள்கிறேன் என்பார்கள்.
வரமாட்டார்கள்.
அவர்களுக்கு சோபா, பனிச்சறுக்குக் கட்டைகள்,
தபாலில் ஏறாத எல்லாமும்.
ஜெர்மானியர்கள் ஞாயிறு இரவு
சாப்பிட்டுத் தட்டு கழுவிய பிறகு வருவார்கள்.
புதன்கிழமை முடியும் ஏலம் கேட்க நாதியில்லாதது.
ஜப்பானிலோ கடைசி நிமிடத்தில் ஒருவர் விலை ஏற்றினால்
கடிகாரம் கொஞ்சம் பின்வாங்கி நிற்கும்.
தட்டிப் பறிக்க முடியாது,
களைத்துத்தான் தோற்க வேண்டும்.

ஒருமுறை பேராசை.
ஒரே இசைப்பெட்டியை இரண்டு தளத்திலும் ஏற்றினேன்.
இரண்டிலும் விற்றது.
பெட்டி ஒன்று, பணம் கட்டியவர்கள் இருவர்.
லூபெக் அம்மாள் ஒருத்தி வைத்த சிவப்புப் புள்ளி
இன்னும் என் பெயருக்குப் பக்கத்தில்,
அம்மைத் தழும்பு மாதிரி.

உர்ப்போ வீட்டைவிட்டுப் போனபோது
வக்கீலின் பட்டியலில்
'சில்லறைச் சாமான், மதிப்பில்லை' என்று
கையெழுத்திட்டு விட்டுப்போன பெட்டியில்
தூண்டில் ரீல்கள் ஏழு.
ஆறு சுமார்.
ஏழாவது ஸ்வீடனில் செய்தது, சிவப்பு,
சுற்றினால் தையல் மிஷின் போலச் சத்தம்.

டிசம்பரில் வெளிச்சம் கடன் வாங்கியதுபோல் வந்து போகும்.
நடுப்பகலுக்குக் காத்திருந்து பன்னிரண்டு படம் எடுத்தேன்.
கீறலை மறைக்கவில்லை.
மறைத்த கீறல் திரும்பி வரும், தபால் செலவையும் கூட்டிக்கொண்டு.
'கைப்பிடியில் பல் தடம்' என்று எழுதினேன்.
ஒரு யூரோவில் தொடங்கினேன்.
பயந்தவர்கள்தான் ஐம்பதில் தொடங்குவார்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு கேள்வி வந்தது,
அகராதி பார்த்து எழுதிய ஜெர்மனில்:
அது நாயின் பல்தானா?
நாய் நலமா?

மேசைக்கடியில் தெஸ்ஸு தூக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.
மூன்று முறை எழுதி அழித்தேன்.
பிறகு, எல்லா விற்பனையாளரும் எழுதுகிற வரியை எழுதினேன்:
விவரங்கள் யாவும் படங்களில் உள்ளன.
பதின்மூன்றாவதாக ஒரு படம் சேர்த்தேன்.
ரீல், கம்பளம்,
ஓரத்தில் ஒரு பாதம்.

ஞாயிறு இரவு, கவனிப்பவர்கள் நாற்பத்தொருவர்.
கிராட்ஸ் நகரத்துச் சேகரிப்பாளர் தொண்ணூறில் உட்கார்ந்திருந்தார்,
இடம் பிடித்த துண்டைப்போல அசையாமல்.
எட்டு வினாடி இருக்கையில்
முகமூடிப் பெயர் ஒன்று நூற்றைம்பது என்றது.
அவர் இருநூறு.
இது இருநூற்றுப் பதினான்கு.
நான் ஏலத்தை நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தவில்லை.
கைமாற்று வாங்கியாவது கட்டுவான் என்று எனக்குத் தெரியும்.

முகவரி வந்தது: டோர்னியோ.
பேருந்தில் அரைமணி.
இத்தனை பக்கத்துக்கு அவன் ஜெர்மனி வழியாக வந்திருக்கிறான்.
நேரில் பெற்றுக்கொள்ளும் வசதியை
நான் திறந்து வைத்திருக்கவில்லை,
அவனும் கேட்கவில்லை.

குமிழித்தாளில் இரண்டு சுற்று, அட்டை, ஒட்டுநாடா.
நாடாவுக்கடியில் ஒரு நாய்முடி சிக்கியிருந்தது.
வேறு ஆளென்றால் பிரித்துத் திரும்பக் கட்டியிருப்பேன்.

வியாழனன்று பச்சைப் புள்ளி விழுந்தது:
விவரத்தில் உள்ளபடியே. கட்டியவிதம் உறுதி.
நானும் பதிலுக்கு வைத்தேன்:
உடனே பணம் செலுத்தினார். மரியாதையான வாடிக்கையாளர்.
பதினெட்டு வருடத்தில்
நாங்கள் ஒருவரைப்பற்றி ஒருவர்
எழுத்தில் சொல்லிக்கொண்ட நல்ல வார்த்தை
இவ்வளவுதான்.

மிச்சம் ஆறு.
ஒரே கட்டாகப் போட்டால் வேலை குறைவு.
தனித்தனியாகவே ஏற்றினேன்,
ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் முடியும்படி.