வெறும் வண்டியின் எடை

தண்டையார்பேட்டை, செவ்வாய்க்கிழமை,
நாற்பத்தேழாவது டோக்கன்.
மின்விசிறிக்குத் தாள் பறக்கிறது,
மேலே ஸ்டெதாஸ்கோப்பைப் பாரமாக வைத்திருக்கிறேன்.
இந்தப் பிரிவில் அதற்கு வேறு வேலையில்லை.

வடிவாம்பிகை, நாற்பத்து மூன்று,
மணலி சாலை எடைமேடையில் கணக்கெழுதுபவர்.
ஜவுளிக்கடைப் பையிலிருந்து
ஒன்பது வருடத்து ஓ.பி. சீட்டுகளை எடுத்து
தேதி வரிசையில் அடுக்குகிறார், நான் கேட்கும் முன்பே.

உடம்பு வலி. இரும்புச்சத்து மாத்திரை.
களைப்பு. தைராய்டு பார்க்கவும்; இயல்பு.
தூக்கமின்மை. கேஸ்.
மறுபடி களைப்பு.
ஒவ்வொன்றிலும் வேறு வேறு கையெழுத்து.
ஒன்றில் என்னுடையது.
'ஓய்வு தேவை' என்று எழுதியிருக்கிறேன்,
அந்த முகம் எனக்கு நினைவில்லை.

எப்போதிலிருந்து இப்படி?
படிவத்தில் அதற்கு ஒரு தீப்பெட்டி அளவு இடம்.
"எப்பலேர்ந்துன்னா இன்னா சொல்றது மேடம்,
இது வியாதி இல்ல, என் சுபாவம்.
பள்ளிக்கூடத்துலயே என்னிய
உம்மணாமூஞ்சின்னுதான் கூப்புடுவாங்க."

அழுவதில்லை. வேலைக்கு மட்டம் போட்டதில்லை.
சமைக்கிறார், ஏலச்சீட்டு கட்டுகிறார்,
மாசி மகத்தன்று கடற்கரைக் கூட்டத்தில் நிற்கிறார்.
செத்துப்போகலாம் என்று எப்போதாவது?
கேட்டாக வேண்டிய கேள்வி, கேட்டேன்.
"அதுக்கெல்லாம் யாருக்கு மேடம் தெம்பு கீது."
இருவரும் சிரித்துவிட்டோம்.
பிறகு நான் சிரிக்காமல் மறுபடி கேட்டேன்.
இல்லை என்றார். இல்லை என்று எழுதினேன்.

அளவுகோல் இரண்டு வருடம் கேட்கிறது.
நடுவே சேர்ந்தாற்போல் இரண்டு மாதம்
நன்றாக இருந்திருக்கக் கூடாது.
விரல் மடக்காமல் சொல்கிறார்:
"பதினோரு நாள். தம்பி மஸ்கட்லேர்ந்து வந்திருந்தான்.
குறிச்சு வச்சிருக்கேன்."
எங்கே என்றேன்.
எடைமேடைப் பேரேட்டில், லாரி நம்பருக்குப் பக்கத்தில்,
பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

அப்புறம் அவராகவே:
"லோடு வண்டி ஏறும், எழுதுவோம்.
எறக்கிட்டு வெறும் வண்டி வரும், அதையும் ஏத்தி எழுதுவோம்.
புதுசா வர்ற பசங்க வெறும் வண்டின்னா சைபர்னு நெனைக்குதுங்க.
எட்டு டன் இருக்கும் மேடம்.
அதுல எறக்குறதுக்கு இன்னா கீது?
வண்டியே அதானே."

வெளியே கன்டெய்னர் வரிசை
துறைமுகம் பார்த்து அரை அடி நகர்ந்து நின்றது.
நாற்பத்தெட்டு கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்.

எஃப் முப்பத்து நான்கு புள்ளி ஒன்று.
கணினி ஏற்றுக்கொண்டது.
'பிற குறிப்புகள்' என்ற, யாரும் படிக்காத இடத்தில்
எட்டு டன், பதினோரு நாள் என்று எழுதி
மேற்கோள் குறி போட்டேன்.

பேரு இன்னா என்று கேட்டார்.
நாட்பட்ட மனச்சோர்வு என்றேன்.
"அப்போ நான் இப்டி இல்லியா?"
அந்தக் கேள்விக்குக் கட்டமே இல்லை.
தெரியலம்மா. மாத்திரை பிடிக்க ஆறு வாரம் ஆகும். பாப்போம்.

புதுச் சீட்டைக் கடைசியாக வைத்து
பையை இரண்டு முடிச்சு போட்டுக் கட்டினார்.
வாசல் வரை போய்த் திரும்பினார்.
"அந்த ஓய்வு தேவை, நீங்க எழுதுனதுதானே?
கையெழுத்து பாத்தா எனக்குத் தெரியும்."