அறுபத்திரண்டு சதவீதம்

அறுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.
பேரணாம்பட்டில் அது போகிற நேரம்தான்.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யுபிஎஸ் ஒருமுறை கீச்சென்றது, அதோடு சரி.
அதன் பேட்டரி போன வருஷமே செத்ததாம்,
சொல்ல மறந்துவிட்டார்களாம்.

தோல் அளக்கும் இயந்திரத்தோடு பேச
அந்தக் கம்ப்யூட்டரை விட்டால் ஆளில்லை.
அதன் கார்டு நுழையும் பள்ளம்
இப்போது வரும் எந்தப் பலகையிலும் கிடையாது.
பழைய வட்டு கரகரத்தது. பெரியதாக ஒன்று மாட்டினேன்.
அவ்வளவு பெரிய எண்ணுக்கு
அந்த பயாஸ் எண்ணப் படிக்கவில்லை.
சரி, புதுப்பித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.
வட்டின் முதுகில் ஒரு ஜம்பரை
ஒரு முள் தள்ளிச் செருகினாலே போதும் என்பதைப்
பிறகுதான் படித்தேன்.

கரண்ட் வந்தது.
விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது,
திரை மட்டும் கறுப்பு.
ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டேன்.
ராமே இல்லாமல் போட்டேன், கத்தட்டும் என்று.
கத்தவில்லை.
ஒரு நீளம் இரண்டு குட்டை, மூன்று குட்டை,
எந்த அழுகைக்கும் எனக்கு அர்த்தம் தெரியும்.
அழாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"இன்னா மேடம், பூட்ச்சா?"
தன்வீர் பாய் கதவோரம் நின்றார்.
"பூடல" என்றேன்.
அவருக்குப் பின்னால் நானூறு ஆட்டுத்தோல்
அளவில்லாமல் கிடந்தது.
லாரி நாளை ராத்திரி.

இதே பலகை இன்னொன்று
வேலூர் காந்தி ரோட்டில், ஒரு லாட்ஜில் இருந்தது.
இரண்டையும் ஒரே வாரத்தில் நான்தான் விற்றேன்.
காலையில் போய் அதன் வயிற்றைத் திறந்தேன்.
எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி
ஒரு மால்டாக்காரர் ரூம் கேட்டு நிற்க,
தாமோதரன் அவர் பெயரைக் கையால் எழுதினார்,
மூன்று முறை அடித்து அடித்து.
"சாயங்காலம் வந்துடணும், நோட்டுல நம்மால ஆவாது."

கட்டைவிரல் நகத்தளவு சிப்.
காலி மாத்திரை டப்பாவில், ஈயத்தாளில் சுற்றி,
குடியாத்தம் வழியாக
மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.
பக்கத்து சீட்டு அம்மா
யாருக்கு உடம்பு என்று கேட்டாள்.
சொந்தம்தான் என்றேன்.

இனி செய்வதை எந்தக் கையேடும் செய்யச் சொல்லாது.
இரவல் சிப்பால் கம்ப்யூட்டரை எழுப்ப வேண்டும்.
ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பிடுங்கி
செத்ததை அங்கே வைத்து எழுத வேண்டும்.
ஸ்க்ரூடிரைவர் சறுக்கினால் இரண்டு ஊருக்கும் நஷ்டம்.
நூல் இருக்கிறதா என்று கேட்டேன்.
பச்சையம்மா மேல்தோல் தைக்கும் ஷெட்டுக்கு ஓடி
மெழுகு தடவிய நீல நூல் கொண்டுவந்தாள்.
இரண்டு சிப்பின் அடியிலும் கொடுத்து
பொட்டலம்போல் கட்டினேன்.
ஜெனரேட்டரைப் போடச் சொன்னேன்.
யாரும் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள் என்றேன்.
எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருக்கிறேன்,
பச்சையம்மா அதைத் திருப்பிக் கத்தினாள்.

நூலை இழுத்தேன்.
வந்துவிட்டது.
திரையில் கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது.
தன்னை எழுப்பியது கையில் இல்லை என்று
அதற்கு இன்னும் தெரியாது.
அந்த நான்கு நொடியில்
எனக்கு அதன்மேல் ஏதோ வந்தது.
பரிதாபம் இல்லை. பொறாமையாக இருக்கலாம்.

செத்த சிப்பை அழுத்தினேன்.
புதியது வேண்டாம், பழையதையே எழுதினேன்.
முப்பது. ஐம்பது.
அறுபத்திரண்டு வந்தபோது
கண்ணை மூடிக்கொண்டேன் என்று பச்சையம்மா சொல்கிறாள்.

மறுபடி போட்டதும் ஒரே ஒரு குட்டைச் சத்தம்.
தேதி இரண்டாயிரம், ஜனவரி ஒன்று.
ஜம்பரை ஒரு முள் தள்ளினேன், இப்போது.
முதல் தோல் உருளைக்குள் போய் வந்தது:
ஐந்தே கால் சதுர அடி.
"கால் அடி கம்மியா காட்டுதே" என்றார் பாய்.
எப்போதும் அப்படித்தான் சொல்வாராம்.

கூலி வாங்கவில்லை.
பேட்டரிக்கு நாற்பது ரூபாய் மட்டும்.
ஆறரைக்கு லாட்ஜில் இருந்தேன்.
மாட்டி மூடிய பிறகுதான் ஞாபகம் வந்தது:
நூலை அவிழ்க்கவில்லை,
அங்கேயும் இங்கேயும்.

இருக்கட்டும்.